இரண்டாம் பருவ நிறைவும் மாணவர் தேர்தலும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டும் சிறப்பாக நடந்தன. கட்டுரைப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், மாணவர் தலைவர் தேர்தல். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகுப்பு முதல் எல்லோரும் ரகசியச் சீட்டில் வாக்களித்தார்கள். எண்ணியதும் பிள்ளைகள்தான், ஆசிரியர்கள் பக்கத்தில் நின்றதோடு சரி. ஒரு சீட்டில் டிக் அடிக்க வேண்டிய இடத்தில் யாரோ பொம்மை வரைந்திருந்தார்கள். அது செல்லுமா என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் செல்லும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், தோற்றவரின் முகவர் உட்பட. (பெரியவர்கள் எண்ணியிருந்தால் இவ்வளவு சுமுகமாக முடிந்திருக்குமா, தெரியாது.)

வென்ற மாணவி நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்ல. மறுநாளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் இதைப் பற்றித்தான். "காலை வழிபாட்டில் முன்னால் நிற்பது நம் பிள்ளையாக இருக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் பள்ளிமேல் உண்மையான பற்றுள்ளவர்கள். அதனால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். மாணவர் தலைவர் காலைக் கூட்டத்தை நடத்துவார், மாணவர் குறைகளை என்னிடம் கொண்டுவருவார். வழிபாட்டைச் சொல்வது விருப்பமுள்ள பிள்ளைகள், முறைவைத்து. இது பழைய ஏற்பாடுதான். விருப்பமில்லாத பிள்ளையை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, மனசாட்சிச் சுதந்திரமும் சமயச் சுதந்திரமும் குழந்தைக்கும் உண்டு என்கிறது. அதில் வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டென்றும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த உரிமை அவரவர் பிள்ளையோடு நின்றுவிடுகிறது. உடன்படிக்கை இருக்கட்டும். இறைவன் முன் எல்லோரும் சமம் என்று சமய வகுப்பில் நாமே சொல்லிக்கொடுக்கிறோம். வாக்குப்பெட்டியைத் திறந்ததும் பேச்சை மாற்றினால் பிள்ளைகள் நம்மை எப்படி நம்புவார்கள்?

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மறுதேர்தல் கிடையாது. இணைத் தலைவர் என்று புதிதாக ஒரு பதவியும் கிடையாது. நிர்வாகக் குழுவின் முடிவும் இதுவே. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்த மாணவியின் குடும்பத்தை இழுத்துப் பேசிய பதிவுகளை, போட்டவர்களே இன்றைக்குள் நீக்கிவிட வேண்டும். போன வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அவரிடமே போய், "அக்கா, நீங்க ஜெயிச்சது செல்லாதாமே?" என்று கேட்டிருக்கிறான். அது அவனுக்குத் தானாகத் தோன்றிய கேள்வி அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

முதலில் கோபமாக வந்த சிலர் உட்கார்ந்து பேசிவிட்டுச் சமாதானமாகப் போனார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. மற்றவர்களும் தாராளமாக வரலாம், பள்ளி நேரத்தில் எப்போதும் இருப்பேன். பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை பதவியேற்பு. எல்லோரும் வந்து பிள்ளைகளை வாழ்த்துங்கள்.

நூலகப் புத்தகங்களை விடுமுறைக்கு முன்பே திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்