நீச்சல் குளப் பூச்சுக் கலவை மூட்டைகள் குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
கானாடுகாத்தான்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
நீச்சல் குளப் பூச்சுக் கலவைப் பிரிவு.

நாள்: 18.06.2025

பொருள்: 25 கிலோ மூட்டைகள் 50 வாங்கி, பூசிய மூன்றே வாரத்தில் பூச்சு கழன்றது; பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பை ஈடு செய்யவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். ஒன்பது முறை தொலைபேசியிலும், நான்கு முறை மின்னஞ்சலிலும், ஒருமுறை நேரிலும் தெரிவித்து எந்தப் பயனும் இல்லாததால், இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று பதிவுத் தபாலில் இக்கடிதத்தை அனுப்புகிறேன். தங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் எனக்குச் சிறிது நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுக்கும்படி முதலில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டிய தோட்டத்தில் 24 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள நீச்சல் குளம் இருக்கிறது. ஆழம் ஒரு முனையில் 3 அடி, மறுமுனையில் 5 அடி. முழங்கால் வலியால் அவதிப்படும் என் கணவரை இடுப்பளவு தண்ணீரில் தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியதால்தான், பல ஆண்டுகளாகப் பொரிந்து கிடந்த அதைப் புதுப்பிக்க முடிவு செய்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஊறிய மண்ணில் குளத்தைக் காலி செய்தால் அடியிலுள்ள நீரின் அழுத்தம் தொட்டியையே மேலே தூக்கிவிடக்கூடும் என்று தெரிந்ததால், மாசி வரை காத்திருந்தே தண்ணீரை இறைத்தேன். அதன் பிறகு நானும் என் தம்பியும் சுத்தியும் உளியுமாகப் பதினொரு நாள் உட்கார்ந்து, தரையும் சுவருமாக ஏறத்தாழ 576 சதுர அடியிலும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தோம். 36 ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். 10 மில்லிமீட்டர் கனத்துக்கு எத்தனை மூட்டை வேண்டும், சேதாரம் எவ்வளவு போகும் என்று கணக்கிட்டே, மூட்டை ஒன்று 1,450 ரூபாய் வீதம் 72,500 ரூபாய்க்கு வாங்கினேன். மூட்டையின் முகப்பிலேயே "நீங்களே எளிதாகப் பூசலாம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன்.

மூட்டைகள் மார்ச் 12ஆம் தேதி வந்தன. பிரித்துப் பார்த்த இரண்டு மூட்டைகளிலும் கை முஷ்டி அளவுக்குக் கட்டிகள் இருந்தன. உடனே தங்கள் சேவை எண்ணை அழைத்துக் கேட்டேன். "சலித்துப் போடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தது. ஈரம் பட்ட சிமெண்ட் கட்டியாகிவிட்டால் வலு இழந்துவிடும் என்பது ஒரு சித்தாளுக்குக்கூடத் தெரியும். தங்கள் பண்டம் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செய்தவர்களே சொல்கிறார்களே என்று நான்தான் நம்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்று விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கினோம். நான், தம்பி, ஊர்க் கொத்தனார் ஒருவர், சித்தாட்கள் இரண்டு பேர் என ஐந்து பேரும் இடைவிடாமல் வேலை செய்தோம். பரப்பை நன்றாகக் கழுவி ஈரமாக்கி, தாங்கள் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமல் கலந்து, மணியாசுக் கட்டையால் சமப்படுத்தி, இரும்புக் கரணையால் மெருகிட்டோம். மறுநாள் குழாய் முனையில் சாக்கைச் சுற்றி, பூச்சு அரிக்காதபடி மெல்ல, ஆனால் இடையில் ஒரு நொடியும் நிறுத்தாமல், 32,000 லிட்டருக்கு மேல் நிரப்பினோம். நடுவில் நிறுத்தினால் சுவரில் கோடு விழும் என்று தங்கள் துண்டறிக்கையில் இருந்ததற்காக இரவு முழுவதும் டார்ச் விளக்கோடு குளத்தருகே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு காலையும் மாலையும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். இவற்றில் எதை நான் தவறவிட்டேன் என்று இன்றுவரை தங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6ஆம் தேதி, ஆழமான முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு கழன்று தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கம் எதையும் பற்றிய சுவடே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. விரலால் தடவியபோது வெள்ளை மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தால் சுவர் நெடுகத் தட்டினேன். பாதிக்கு மேல் வெற்றோசைதான். எங்கள் வீட்டு முகப்பில் என் கணவரின் பாட்டனார் காலத்தில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு இன்றும் கை வைத்தால் குளிர்ச்சியாக, ஒரு கீறலும் இல்லாமல் நிற்கிறது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வாழ்கிற எனக்குப் பூச்சு என்றால் என்னவென்று தெரியாது என்று தங்கள் ஊழியர் சொன்னதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஏப்ரல் கடைசியில் பேசிய அந்த ஊழியர், நான் முழுதாக ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் முன்பே, "அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்" என்றார். கொத்தியதும் பூசியதும் நான்தான் என்று சொன்னதற்கு, "கோலம் போடுவது போலப் பூசியிருப்பீர்கள்" என்று சொல்லிச் சிரித்தார். ஐயா, 72,500 ரூபாய் போனதைவிட அந்தச் சிரிப்பு என்னை அதிகம் வாட்டியது. அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாகத் தங்கள் எண்ணில் முதலில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தாங்களே கேட்டுப் பாருங்கள். அவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்காமல் இந்த விவகாரம் முடியாது.

இதற்கு மேல் மதுரைப் பயணம். கழன்ற துண்டையும் ஒரு காலி மூட்டையையும் வட்டார அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் அன்றே சோதித்துச் சொல்வதாகக் கூறினீர்கள். மே 20ஆம் தேதி, அக்னி நட்சத்திர வெயிலில், உடையாமல் இருக்கத் துணியில் சுற்றி வயர்க்கூடையில் வைத்துக்கொண்டு, காரைக்குடி வந்து பஸ் மாறி மதுரைக்குப் போனேன். பதினொரு மணிக்குப் போனவளை நான்கு மணி வரை உட்கார வைத்துவிட்டு, சோதிப்பவர் அன்று கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு வாசலில் கடை இருக்கிறது என்று காட்டினார்கள். துண்டை வாயிற்காவலர் மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, "மாதிரி எதுவும் வந்து சேரவில்லை" என்று மின்னஞ்சல் வருகிறது!

அதே மின்னஞ்சலில் மூன்று காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். முதலாவது, பழைய பரப்பின் மேல் தனியாக விற்கும் ஒட்டுப்பூச்சை முதலில் அடித்திருக்க வேண்டுமாம். தங்கள் துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "கொத்திவிட்ட பரப்பின் மேல் நேரடியாகப் பூசலாம்" என்று இருக்கிறது. இரண்டாவது, செட்டிநாட்டுத் தண்ணீர் கடினமானதாம். நான் நீரைப் பரிசோதித்த அறிக்கை என்னிடம் இருக்கிறது. அமில காரக் குறியீடு 7.4, காரத்தன்மை 110, கால்சியக் கடினத்தன்மை 340. குளத்துக்குக் கால்சியக் கடினத்தன்மை 200 முதல் 400 வரை இருக்கலாம் என்று தங்கள் துண்டறிக்கையே சொல்கிறது. கடின நீர் சுவரில் படிவை உண்டாக்குமே தவிர, பூச்சை அடியோடு பெயர்த்துப் போடாது. மூன்றாவது, தங்களிடம் பயிற்சி பெற்றவர் பூசினால்தான் உத்தரவாதமாம். அப்படியானால் நீங்களே பூசலாம் என்று மூட்டையில் ஏன் அச்சிட்டீர்கள்? நானே பூசலாம் என்று விற்றுவிட்டு, நானே பூசியதைக் குற்றமாகச் சொல்வது எந்த வியாபார தர்மம்?

எழுத மறந்துவிடக் கூடாதது ஒன்று உண்டு. காலி மூட்டைகளை அடுக்கிக் கட்டும்போது, தயாரிப்பு வாரம் அச்சிட்ட இடத்தில் ஒரு ஸ்டிக்கர் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் உரித்தேன். மேலே 2025 பிப்ரவரி, கீழே 2024 ஜனவரி. மூட்டையில் அடைத்த சிமெண்டை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. இது பதினான்கு மாதச் சரக்கு. பதினேழு மூட்டைகளில் இப்படி இருக்கிறது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து ஜூன் விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் வறண்ட குழியை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். என் கணவர் இரண்டு மாதமாகக் கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. கலவை, கூலி, தண்ணீர் லாரி, மறுபடி கொத்தும் செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 3,00,000 ரூபாய்க்குக் குறையாத இழப்பு எனக்கு ஏற்பட்டிருக்கிறது. அந்த மன உளைச்சலை எத்தனை லட்சத்தாலும் ஈடு செய்ய முடியாது என்பதே உண்மை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மூட்டைகளுக்கான முழுப் பணத்தையும் திருப்பித் தந்து, இழப்பீடு பற்றி எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதோடு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம் என்பதும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஐம்பது மூட்டைச் சாக்குகளும் கழன்ற துண்டுகளும் இரண்டாம் கட்டில் பத்திரமாக இருக்கின்றன. சோதிக்க யாரையாவது அனுப்புவதானால், நாளையும் நேரத்தையும் முன்கூட்டி எழுதித் தெரிவியுங்கள். நான் இனி மதுரைக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: விற்பனை ரசீது, நீர்ப் பரிசோதனை அறிக்கை, துண்டறிக்கை, மூட்டைகளின் படங்கள், மதுரை சென்று வந்த பஸ் டிக்கெட்டுகள் ஆகியவற்றின் நகல்கள்.