தெருவிளக்கோடு ஏறிய கேமரா

சான் டியாகோ, அமெரிக்கா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நம் ஊர் நகராட்சியில் தெருவிளக்கு மாற்றும் பேச்சு அடிபடுவதாக எழுதியிருந்தீர்கள். கவுன்சிலராக நீங்கள் சம்மதம் சொல்லும் முன் இந்த ஊரில் நடந்ததைக் கேளுங்கள்.

2016 டிசம்பரில் இங்கே கவுன்சில் ஒரு மின்சிக்கனத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 3 கோடி டாலர். 14,000 விளக்குகள் எல்.இ.டி. ஆகும், 3,200 கம்பங்களில் சென்சார் பெட்டி ஏறும். ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் மிச்சம் என்று மதிப்பிட்டார்கள். வண்டிகளை எண்ணவும் காலி பார்க்கிங் இடம் காட்டவும்தான் பெட்டி என்றார்கள். உள்ளே கேமராவும் இருந்தது. 2018 ஆகஸ்டிலிருந்து போலீஸ் அந்தப் படங்களை எடுத்தது. அப்போது பதிவு ஐந்து நாளில் தானாக அழிந்துவிடும். வழக்குக்கு வேண்டியதை அதற்குள் இறக்கிக்கொள்வார்கள். ஊராருக்கு இது தெரிய வந்தது 2019இல்தான்.

எதிர்ப்பு வலுத்து 2020 செப்டம்பரில் மேயர் நிறுத்தச் சொன்னார். அங்கேதான் சிக்கல். விளக்குக்கும் கேமராவுக்கும் ஒரே மின்இணைப்பு, ஒன்றை மட்டும் அணைக்க வழியில்லை. படத்தைப் பார்க்கும் வழியைத்தான் அடைக்க முடிந்தது.

2022இல் சட்டம் போட்டார்கள். எந்தக் கண்காணிப்புக் கருவியானாலும் பயன்பாட்டு விதியும் பாதிப்பு அறிக்கையும் எழுத வேண்டும், வட்டாரக் கூட்டம் போட வேண்டும், ஒன்பது பேர் கொண்ட தனியுரிமை ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும், அதன் பிறகே கவுன்சிலில் ஓட்டு என்று அதில் இருந்தது. ஏற்கெனவே கையிலிருந்த நூற்றுக்கணக்கான கருவிகளும் இதற்குள் வந்ததால் வேலை தேங்கியது, 2024இல் திருத்தினார்கள். குழுவின் சொல் யோசனை மட்டுமே. 500 புது விளக்குக் கேமராக்களும் நம்பர் பிளேட் படிக்கும் கருவியும் வேண்டாம் என்று குழு சொன்ன பிறகும், 2023 ஆகஸ்டில் கவுன்சில் ஒப்புதல் தந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் எத்தனை கேமரா, நம்பர் பிளேட் பதிவு எத்தனை நாள் இருக்கும் (30 நாள்) என்பதெல்லாம் ஓட்டுக்கு முன்பே எழுத்தில் வந்தது. 2016இல் அதுகூட இல்லை.

டெண்டரில் விளக்கின் வாட்டையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள். கம்பத்தில் வேறு என்ன ஏறுகிறது, பதிவு யாருக்குச் சொந்தம், போலீஸ் கேட்டால் யார் அனுமதிப்பது, பெட்டிக்குத் தனி சுவிட்ச் உண்டா, கம்பெனி கைமாறினால் ஒப்பந்தம் என்னாகும் என்று கேட்டு, பதிலைத் தீர்மானத்திலேயே எழுதவையுங்கள். வாய்வார்த்தை போதாது. நகல் கிடைத்தால் அனுப்புங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன். சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகன்
குமார்