இன்டர்வியூவுக்கு மார்க் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த காலேஜ் அட்மிஷன் கட்டுரையப் படிச்சேன். வெறும் மார்க்க வெச்சு மெடிக்கல் சீட் குடுக்கக் கூடாது, பிள்ளைகள நேர்ல கூப்பிட்டு பேசிப் பார்த்துதான் எடுக்கணும்னு எழுதியிருந்தாங்க. நீட் மேல எனக்கும் கோபம் உண்டு, ஆனா அதுக்காக இன்டர்வியூ திரும்ப வரணும்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். நம்ம ஊர்ல அது ஏற்கெனவே இருந்ததுதான், லட்சணம் என்னன்னு கோர்ட் தீர்ப்புலயே இருக்கு.

1970-71 எம்பிபிஎஸ் சேர்க்கைல இங்க இன்டர்வியூவுக்கு மட்டும் 75 மார்க். விளையாட்டு என்சிசி, சேவை, உடல் தெம்பு, பொதுத் திறமை, இந்தப் படிப்புக்கு ஏத்த ஆளான்னு அஞ்சு விஷயத்தப் பார்த்து போடணும். குழுவுல இருந்தவங்க எதுக்கு எத்தனைன்னு பிரிக்காம மொத்தமா ஒரு நம்பரப் போட்டுட்டாங்க, பெரியகருப்பன் வழக்குல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஒரு மார்க் ரெண்டு மார்க்ல சீட் போற இடத்துல 75 மார்க்க யாரோ நாலு பேர் கைல குடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

அப்புறம் ஸ்ரீநகர் ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ், இப்ப என்ஐடி. எழுத்துத் தேர்வுக்கு 100, இன்டர்வியூவுக்கு 50, ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம், அதுலயும் அப்பா யாரு எந்த ஊருன்னுதான் கேட்டாங்கன்னு புகார். அஜய் ஹாசியா வழக்குத் தீர்ப்புல இன்டர்வியூ மார்க் மொத்தத்துல 15 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, பேசறத டேப்ல பதிவு பண்ணுங்கன்னு வரைக்கும் சொன்னாங்க.

நான் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தவன். நல்லாப் படிக்கிற பிள்ளைங்கள்ல பாதி பேருக்கு ஹெச்எம் ரூமுக்குள்ள போனாலே நாக்கு மேல ஒட்டிக்கும், சுமாராப் படிக்கிற வக்கீல் வீட்டுப் பையன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர்கிட்டயே சிரிச்சுப் பேசிட்டு நிப்பான். அஞ்சு நிமிஷத்துல யாருக்கு மார்க் விழும்? இதுல இங்கிலீஷ் வேற.

வேலூர் சிஎம்சிய உதாரணம் காட்டியிருந்தாங்க, அது நியாயம்தான். அங்க ஆள வேலூருக்கே வரவழைச்சு தங்க வெச்சு பார்த்தாங்க, படிச்சு முடிச்சவங்க மிஷன் ஆஸ்பத்திரில போய் வேலை செய்யணும்னு பாண்டும் இருக்கு, அதனால இந்தப் பிள்ளை அந்த மாதிரி ஊருல தாக்குப்பிடிக்குமான்னு பார்க்க அவங்களுக்குக் காரணம் இருந்துச்சு. 2017ல நீட் வந்தப்ப மனசொப்பாம ஒரே ஒரு எம்பிபிஎஸ் மாணவரத்தான் சேர்த்தாங்க, 2020ல கோர்ட் நீட் கட்டாயம்னு சொன்னதோட அந்த முறை முடிஞ்சு போச்சு. எனக்கும் அதுல வருத்தம்தான். ஆனா வருஷத்துக்கு நூறு பேர எடுக்கிற ஒரு காலேஜ் அக்கறையாப் பண்ணினத தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைங்களுக்கு எப்படிப் பண்றது, யாரு பண்றது?

கட்டுரைல சொன்ன பெரிய காரணம், கஷ்டப்பட்டு வந்த பிள்ளைய இன்டர்வியூவுலதான் கண்டுபிடிக்க முடியும்ங்கறது. ஏன் சார், அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைன்னு சர்டிபிகேட்லயே இருக்கே. 2020ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு, அந்தப் பிள்ளைங்க மெடிக்கல் காலேஜுக்குள்ள போனாங்க. எந்தக் குழு முன்னாடியும் உக்காந்து தன் வீட்டு வறுமைய விவரிச்சு மார்க் வாங்க வேண்டிய நிலைமை அவங்களுக்கு வரல. அது எவ்வளவு பெரிய விஷயம்னு கட்டுரை எழுதினவங்க யோசிக்கவே இல்ல.

அவங்க திரும்ப எழுதினா ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிஷம், குழுவுல யார் யார் உக்காருவாங்க, கேள்வி எந்த மொழில, மார்க் கம்மின்னா யார்கிட்ட போய் கேக்கறது, இத மட்டும் தெளிவா எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்