பதினொரு பெடல், ரெண்டு கால்

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

சர்ச்சில் திரும்பவும் கிட்டார் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் முதல் வேலையாக என் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அந்தண்ணன் கைக்கு இன்னும் வேகம் இருக்கா?" என்று கேட்கிறாள். நீயே பதில் சொல்லிக்கொள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு, காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற உன் ஒன்பது பெடலையும் தூக்கிக்கொண்டு போகப் போவதாக எழுதியிருக்கிறாய் பார், அது வேண்டாம்டா.

நான் பதினொன்று வைத்திருந்தேன். போன பங்குனியில் திருமங்கலம் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. குத்துப்பாட்டு முடிந்த கையோடு, கைதட்டல் அடங்குவதற்குள், தாலாட்டு மாதிரி ஒரு மெலடியை ஆரம்பித்துவிட்டார்கள். நான் கரகரக்கிற டிஸ்டார்ஷனை அணைக்க வேண்டும், பல கிட்டார் சேர்ந்த மாதிரி கேட்கிற கோரஸைப் போட வேண்டும், எதிரொலி தருகிற டிலேயையும் போட வேண்டும். கோயில் மேடை, வெறுங்கால். பெடல்களோ தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கட்டைவிரல் கோரஸோடு பக்கத்திலிருந்த, சத்தத்தைச் சுழற்றியடிக்கிற ஃபிளாஞ்சரையும் சேர்த்து அமுக்கிவிட்டது. டிஸ்டார்ஷன் அணையவே இல்லை. தூங்குகிற பிள்ளை காதருகே புல்லட்டை உதைத்தது போல கிட்டாரின் முதல் கார்டு விழுந்தது. தபேலாக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மறுநாள் எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். அந்த சீசனில் வாசித்த பாட்டு லிஸ்ட்டை எடுத்து, எதற்கு எதை மிதித்தேன் என்று எழுதிப் பார்த்தால், பாதிப் பெடல்கள் சும்மா பஸ்ஸில் ஊர் சுற்றியிருக்கின்றன. இப்போது ஐந்துதான்: சுருதி பார்க்க ட்யூனர், லேசான கரகரப்புக்கு ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, கடைசியில் கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரியே சத்தத்தை வடிகட்டுகிற கேபினெட் சிமுலேட்டர். லிஸ்ட்டில் கேட்டால் மட்டும் வா-வா பெடல் பையில் ஏறும்.

அந்தக் கடைசிப் பெட்டியை வீண் செலவு என்று நினைக்காதே. நம் மேடைகளில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபையர், அதான் ஆம்ப், ஏது? கிட்டார் நேராக மிக்ஸருக்குத்தான் போகிறது. ஆம்ப் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வருவதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், கூட்டத்துக்காக வைக்கிற பி.ஏ. ஸ்பீக்கர் அத்தனையையும் கக்கும். அதனால்தான் நம் டிஸ்டார்ஷன் தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிய மாதிரி கேட்டது. நாம் பாவம், இத்தனை வருஷம் பெடலைத் திட்டினோம்.

ஓவர்டிரைவ் ஒன்றே போதும். அதன் ட்ரைவ் குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு கிட்டார் வால்யூமைத் திருகு. நாலில் கிட்டத்தட்ட கிளீன், பத்தில் லீட். காலுக்கு இருந்த பாதி வேலை விரலுக்கு வந்துவிடும்.

கரண்ட் விஷயத்தில்தான் நான் ரொம்ப நாள் முட்டாளாக இருந்தேன். ஒரே அடாப்டரிலிருந்து சரம் மாதிரி எல்லாவற்றுக்கும் இழுத்திருந்தேனா, டிலேயின் டிஜிட்டல் கீச்சு மற்ற பெடல்களுக்கும் தொற்றிக்கொண்டது. நான் ஜெனரேட்டரையும் சீரியல் செட்டையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்த சப்ளை வாங்கிவிட்டேன். அனலாக் ஓவர்டிரைவுக்கு 10 மில்லிஆம்பியர் கூட வேண்டாம். டிஜிட்டல் டிலே அதைப்போலப் பல மடங்கு கேட்கும், அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செருகு. ஒன்று மட்டும் மறக்காதே: பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், பிளக்கின் நடுவில் நெகட்டிவ். அவசரத்தில் கீபோர்டுக்காரரின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகித்தான் என் பழைய கம்ப்ரஸர் பெடல் புகைந்தது.

ட்யூனர் பஃபர் (சிக்னல் கேபிளில் தேயாமல் தாங்குகிற சர்க்யூட்) உள்ளதாக இருக்கட்டும். நீளமான கேபிள் ட்ரெபிளைத் தின்றுவிடும், பஃபர் முதலில் இருந்தால் அது மிஞ்சும். ஆனால் உன் ஜெர்மேனியம் ஃபஸ் பெடல் இருக்கிறதே, அதை ட்யூனருக்கும் முன்னால் வை. அதற்குக் கிட்டாரின் பிக்அப்பை நேராகப் பார்த்தாக வேண்டும். நடுவில் பஃபர் வந்தால், வால்யூமைக் குறைக்கும்போது அது கொடுக்கிற அந்த அழகான கிளீன் போய்விடும்.

பெடலுக்கும் பெடலுக்கும் நாலு விரல் இடைவெளி விடு. உங்கள் சர்ச்சிலும் ஆல்டர் பக்கம் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் அல்லவா? வீட்டிலேயே வெறுங்காலோடு பழகிவிடு.

ஆறு பெடல் பீரோவில் கிடக்கிறது. அதில் ஒன்று அந்த ஃபிளாஞ்சர். காலேஜ் மூன்றாம் வருஷம் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோமே, அதேதான். கேட்டு ஒரு பையன் வந்திருக்கிறான். விற்றால் பாதியை உனக்கு அனுப்பணுமா, இல்லை அன்றைக்கு நீ என்னிடம் கடன் வாங்கித்தான் உன் பாதியைப் போட்டாய் என்பதை ஞாபகப்படுத்தணுமா? உடனே எழுது.

இப்படிக்கு,
இன்னொரு மாப்ள