நூர் பெயர் இருக்கும் இன்னொரு சுவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த லண்டன் பயணக் கட்டுரையில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பிரான்சில் ரகசியமாக வயர்லெஸ் இயக்கிய நூர் இனாயத் கானுக்குக் கார்டன் சதுக்கத்தில் சிலை இருப்பதைச் சொல்லியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 2012-இல் அந்தச் சிலை திறக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, 1948-லேயே, அதே ஊரில் அவர் பெயரைக் கல்லில் பொறித்த இடம் ஒன்று உண்டு. நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில், வில்டன் பிளேஸ் தெருவில் உள்ள புனித பவுல் தேவாலயம் அது. (பெரிய குவிமாடம் வைத்த செயின்ட் பால் கதீட்ரல் வேறு.) மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே போய் வந்தேன்.

நினைவுக்கல் வெளிச்சுவரில் இருக்கிறது. கோயில் பூட்டியிருந்தாலும் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த ‘ஃபேனி’ படைப் பெண்கள் 50-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. 1907-இல் முதலுதவிச் செவிலியர் படையாகத் தொடங்கப்பட்ட அமைப்பு அது.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வயர்லெஸ் இயக்கிய நூருக்குச் செவிலியர் படையில் என்ன வேலை என்று யோசித்தேன். விஷயம் இதுதான். அவர் முதலில் சேர்ந்தது விமானப்படையின் பெண்கள் பிரிவில். அப்படிப்பட்ட பிரிவுப் பெண்கள் ஆயுதம் எடுக்க விதி இடம் தரவில்லை. ஃபேனி தன்னார்வ அமைப்பு என்பதால் அந்தத் தடை இல்லை. அதனால் பிரான்சுக்கு ரகசியமாக அனுப்பிய பெண்கள் பலரையும் அதில் பதிவு செய்துகொண்டார்கள்.

1943 ஜூனில் நூர் பிரான்சில் போய் இறங்கிய சில நாட்களிலேயே கூட்டாளிகள் ஜெர்மானியரிடம் கொத்தாகப் பிடிபட்டார்கள். திரும்பி வா என்று லண்டன் கூப்பிட்டும் வரவில்லை. பெட்டிக்குள் அடங்கும் வயர்லெஸைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக இடம் மாறி, அக்டோபரில் சிக்கும்வரை செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

வேலூர்க்காரியான எனக்கு இதில் தனி நெருக்கம். நூர் திப்பு சுல்தான் வழிவந்தவர். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து காவலில் வைத்தது எங்கள் கோட்டையில்தான். அந்த வம்சத்து முஸ்லிம் பெண்ணை ஆங்கிலேயர் தங்கள் தேவாலயச் சுவரில் மதம் பார்க்காமல் சேர்த்திருக்கிறார்கள். நின்று பார்க்கையில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் நம்மவர் என்பதற்காக நூரோடு நிறுத்திவிடாதீர்கள். 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியில் டாக்காவ் நாஜி வதைமுகாமில் அவருடன் கொல்லப்பட்ட எலியான் பிளூமன், மடலின் டமர்மோன் பெயர்களும் அதே கல்லில் உள்ளன. அதே போல பிரான்சுக்கு ரகசியமாகப் போய் உயிரிழந்த வயலட் சாபோ இருக்கிறார். வீரத்துக்காக பிரிட்டன் தரும் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது; அதை மன்னர் கையிலிருந்து வாங்கியது, நாலு வயது மகள். அப்புறம், எந்தப் பதக்கமும் பெறாத பெயர்கள்தான் அங்கே அதிகம்.

செப்டம்பர் 13 வரும்போது நூரைப் பற்றி எப்படியும் எழுதுவீர்கள். கூடவே இந்தப் பெண்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். முடிந்தால் அந்தக் கல்லின் படத்தை, பெயர்கள் படிக்கத் தெரியும்படி பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், வேலூர்