நகரும் பெல்ட்டின்மேல் ஒரு விமானம்: இயற்பியல் ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், வினாத்தாள் அமைக்கும் பொறுப்பில் இருப்போருக்கும் வணக்கம்.

ஓடுபாதைக்குப் பதிலாக நீண்டதொரு கன்வேயர் பெல்ட் இருக்கிறது. அதன்மேல் நிற்கும் விமானம் எவ்வளவு வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னோக்கி நகர்கிறது. விமானம் மேலெழும்புமா? இந்த வினா உங்களுக்குப் புதிதல்ல. நானும் என் வகுப்புகளில் இதைக் கேட்டிருக்கிறேன். 'எழும்பாது' என்பதே சரியான விடை என்று நம்பி, மூன்று ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தும் இருக்கிறேன். அந்த ஆண்டுகளில் 'எழும்பும்' என்று எழுதிய ஒரு மாணவியின் விடையை, அவள் எழுதியிருந்த காரணத்தை முழுதாகப் படிக்காமலேயே அடித்துவிட்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. அதே தவறு வேறு விடைத்தாள்களில் நிகழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் இடறிய இடம் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரெட்மில்லில் ஓடுபவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். ஆகவே விமானமும் அப்படியே இருக்கும் என்று எண்ணினேன். ஓடுபவரின் கால்கள் பெல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகின்றன, பெல்ட் அவரை முன்னுக்குத் தள்ளுகிறது. காரிலும் என்ஜின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் சாலையைத் தள்ளுகிறது. விமானத்திலோ என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புரொப்பெல்லர் காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஜெட் என்ஜின் காற்றை உள்ளிழுத்துப் பின்புறமாக வேகத்துடன் வெளியேற்றுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்வினை விமானத்தின் உடலின் மீது செயல்படுகிறது. சக்கரங்கள் விமானத்தின் எடையைத் தாங்கியபடி தம் போக்கில் உருள்பவை. பனிப்பரப்பிலிருந்து சறுக்குக் கட்டைகளோடும், நீர்ப்பரப்பிலிருந்து மிதவைகளோடும் விமானங்கள் எழும்புவதை நினைத்துப் பார்த்திருந்தால், மேலெழும்புவதற்குச் சக்கரம் தேவையே இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்கும்.

ஆகவே, பெல்ட் பின்னோக்கி நகர்வதால் விமானத்தின் மீது கூடுதலாக எவ்வளவு விசை செயல்படுகிறது என்பதே உண்மையான கேள்வி. கணக்கிடுவதற்காக 1,000 கிலோகிராம் நிறையும், 2,000 நியூட்டன் உந்துவிசையும் கொண்ட சிறு விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உருளும் உராய்வுக் குணகத்தை 0.02 என்று தாராளமாகக் கொண்டாலும், எதிர்க்கும் விசை ஏறத்தாழ 200 நியூட்டன்தான்; சக்கரம் இருமடங்கு வேகத்தில் உருண்டாலும் இவ்விசை பெரிதாக உயர்வதில்லை. அடுத்தது சக்கரத்தின் சுழற்சி. மூன்று சக்கரங்களின் மொத்த நிறை 20 கிலோகிராம் என்றும், அவை திண்மத் தட்டுகள் என்றும் கொண்டால், அவற்றின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) விமானத்தின் நிறையோடு 10 கிலோகிராம் சேர்ந்தாற்போன்ற விளைவைத் தருகிறது. பெல்ட்டும் எதிர்த்திசையில் அதே முடுக்கத்தோடு நகரும்போது அது 20 கிலோகிராம் ஆகிறது. அதாவது 1,010 என்பது 1,020 ஆகிறது. சாதாரண ஓடுபாதையில் 300 மீட்டர் ஓடி எழும்பும் விமானம், பெல்ட்டின்மேல் சுமார் 303 மீட்டர் ஓடி எழும்பும். அத்தனை ஆண்டுகள் நான் 'முடியாது' என்று சொல்லிவந்த இடத்தில் இருந்தது மூன்று மீட்டர் வேறுபாடுதான்!

இறக்கைகளின் தூக்குவிசை காற்றைப் பொறுத்த வேகத்தால் அமைவது. தரையைப் பொறுத்த வேகத்துக்கு அதில் பங்கில்லை. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முறை பறந்தபோது, 12 விநாடிகளில் தரைமேல் அது கடந்த தொலைவு 120 அடி, அதாவது சுமார் 36.5 மீட்டர். தரையைப் பொறுத்து அதன் சராசரி வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர் மட்டுமே. ஆனால் அன்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேலான எதிர்க்காற்று வீசியது. இறக்கைகள் உணர்ந்தது இரண்டின் கூட்டுத்தொகையை. அந்த விமானத்தில் சக்கரங்களும் இல்லை, தண்டவாளத்தின் மேல் ஓடித்தான் அது எழும்பியது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். 2008 ஜனவரியில் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில், நீண்ட விரிப்பொன்றை வண்டியால் எதிர்த்திசையில் இழுத்தபடி அதன்மேல் இலகு விமானம் ஒன்றை ஓடவிட்டார்கள், அது எழும்பியது.

'எழும்பும்' என்று சரியாகச் சொல்பவர்களிலும் சிலர், விமானம் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புரொப்பெல்லரின் காற்றே இறக்கைகளைத் தூக்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். அந்தக் காற்று இறக்கையின் ஒரு சிறு பகுதியின் மீது மட்டுமே படுவது. வழக்கமான விமானத்தைத் தூக்க அது போதாது. விமானம் ஓடித்தான் எழும்பும். பெல்ட் ஓடுபாதையின் நீளத்துக்கு இருந்தாக வேண்டும். 'எழும்பாது' என்று வாதிடும் மாணவர்களில் பலர் உண்மையில் மறுப்பது நின்றபடியே மேலெழுவதைத்தான். அந்த மறுப்பு நியாயமானது.

இனி, உங்களிடம் நான் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். இந்த வினாவின் சொற்களில் ஒன்று மாறினால் விடையே மாறிவிடுகிறது. 'பெல்ட் விமானத்தின் வேகத்துக்கு ஈடாக நகர்கிறது' என்றால் மேலே கண்ட கணக்கு பொருந்தும். 'பெல்ட் சக்கர விளிம்பின் வேகத்துக்கு ஈடாக நகர்கிறது' என்று எழுதினால் நிலைமை வேறு. சக்கரம் வழுக்காமல் உருளும்போது அதன் விளிம்பு வேகம், விமானத்தின் வேகத்தையும் பெல்ட்டின் வேகத்தையும் கூட்டியதாகும். அது பெல்ட்டின் வேகத்துக்கே சமம் என்றால் விமானத்தின் வேகம் சுழி என்று வினாவே விதித்துவிடுகிறது. மேலே கண்ட சிறு விமானத்தில் இதை நிறைவேற்ற, உருளும் உராய்வை விட்டுவிட்டால், பெல்ட் ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தை விநாடிக்கு 200 மீட்டர் என்ற அளவில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பத்தே விநாடிகளில் அது ஒலியைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு வேகத்தை எட்டும். அதற்கு வெகு முன்பே டயர்கள் சிதறிவிடும். டயர்களின் வரம்பு முதல் வகை வினாவுக்கும் பொருந்தும்: பெரிய பயணிகள் விமானங்களின் டயர்கள் பொதுவாக மணிக்குச் சுமார் 360 கிலோமீட்டர் வரை தாங்கும்படி தரப்படுத்தப்படுகின்றன, மணிக்கு 280 கிலோமீட்டரில் எழும்பும் விமானத்துக்குப் பெல்ட்டின்மேல் சக்கர வேகம் 560 ஆகிவிடும். இக்காரணத்தைக் காட்டி 'எழும்பாது' என்று ஒரு மாணவர் எழுதினால், அவருக்கு மதிப்பெண் தராமலிருக்க எனக்கு மனம் வராது.

ஆகவே, இந்த வினாவை 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒற்றைச் சொல் விடைக்காகக் கேட்காதீர்கள். விமானத்தின் மீது செயல்படும் விசைகளைப் படமாக வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு விசையையும் எது செலுத்துகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பெல்ட்டின் வேகம் எதைப் பொறுத்தது, எதற்கு ஈடானது என்பதை வினாவிலேயே ஐயமின்றிக் குறிப்பிடுங்கள். வாய்ப்பிருந்தால், சக்கரங்கள் எளிதாக உருளும் பொம்மை வண்டி ஒன்றை டிரெட்மில்லின்மேல் வைத்து, அதன் முன்புறத்தை நூலால் ஒரு சுருள்வில் தராசோடு இணைத்து, தராசை மாணவரின் கையில் கொடுங்கள். சீராக ஓடும் பெல்ட்டை இன்னும் விரைவாக ஓடும்படி மாற்றிய பின்னும் தராசின் முள் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்பதை அவர் காண்பார். பிறகு நூலை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். பெல்ட் எவ்வளவு வேகமாகப் பின்னோக்கி ஓடினாலும் வண்டி முன்னே வரும்.

அன்று நான் அடித்த விடையில், 'என்ஜின் சக்கரத்தைச் சுழற்றவில்லை' என்று ஒரு வரி இருந்தது. உங்கள் மேசையில் இருக்கும் விடைத்தாள்களில் அப்படி ஒரு வரியைக் கண்டால், அதற்குரிய மதிப்பெண்ணைத் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்