பொங்கலுக்கு வருகிறவனுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள நண்பனுக்கு,

வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முள்ளியவளையில் கடல்நீரில் எரியும் விளக்கைப் பார்க்க உன் தோளில் ஏறி நின்றது நேற்றுப் போல இருக்கிறது.

எங்கள் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டேன். அம்மாவின் முழங்காலுக்குக் கிணற்றடிக் கழிப்பறை சரிவராது. ஆனால் நீ இணையத்தில் பார்த்த விடுதிக்கு இப்போதே காசு கட்டிவிடாதே. விலையை அங்கே பார்த்துக்கொள்; அறையைத் தொலைபேசியில் பேசி எடு. அந்தத் தளங்கள் விடுதிக்காரரிடம் 15 சதவீதம் அளவில் தரகு எடுக்கின்றன. நேரே பேசுகிறவனுக்கு அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு இடமுண்டு. விலையைக் குறைக்கத் தயங்கினால் காலைச் சாப்பாட்டைச் சேர்த்துத் தரச் சொல். சின்ன விடுதிக்காரரை அதற்கு மேல் நெருக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. போர் முடிந்தபின் கடன் வாங்கிக் கட்டியவர்கள் பலர்.

எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று மறக்காமல் கேள். பெரிய இடங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. 10,000 ரூபா என்று சொன்ன அறை பற்றுச்சீட்டில் 13,000 ரூபாவை நெருங்கிவிடும். உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை வைக்கும் இடங்களும் உண்டு. உன்னிடம் இலங்கை அடையாள அட்டை இருக்கிறது, பிள்ளைகளிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு. அதை முதலிலேயே சொல்லி விலை பேசிவிடு.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கே ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். அவளுடைய கொப்பியை ஒருநாள் பார்த்தேன். இணையத்தில் வந்தவர்களுக்குப் பெயரும் திகதியும் மட்டும். தொலைபேசியில் பேசியவர்களின் பெயருக்குக் கீழே பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள்: ‘வயதானவர், கீழ்த்தளம்’, ‘கைக்குழந்தை, சுடுதண்ணீர்’, ‘ஏ9 வீதிப் பக்கம் வேண்டாம்’. அறை பிரிக்கும்போது அவள் அந்தக் கொப்பியைத்தான் பார்க்கிறாள். அம்மாவின் முழங்கால் அப்படியொரு கொப்பியில் ஏறவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். பிற்பகல் 3 மணிக்கு அழைத்தால் ஆறுதலாகப் பேசலாம் என்றாள். கோடை நேரத்தில் லண்டனில் அப்போது காலை பத்தரை. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் அறைக்கும் வேலை செய்யுமா, வரவேற்பறைக்கு மட்டுமா என்றும் கேட்டுவை.

போன வருடம் மருமகன் வீட்டார் கொழும்பிலிருந்து வந்த பஸ் வழியில் பழுதாகி, நள்ளிரவு தாண்டித்தான் வந்து சேர்ந்தார்கள். பதிவு உறுதி என்ற தாள் கையில் இருந்தது. அறையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். சம்பந்தியம்மா விடியும்வரை பிளாஸ்டிக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. பிந்துகிறது என்று ஒரு வார்த்தை நான் அழைத்துச் சொல்லியிருக்கலாம். நீ புறப்படும் முதல் நாளும், வவுனியா தாண்டும்போதும் விடுதிக்கு அழைத்துச் சொல்.

பொங்கல் நாளில் முல்லைத்தீவில் அறை கிடைப்பது கடினம். அங்கே இரண்டு இரவு, மற்ற நாட்களுக்குக் கிளிநொச்சி என்று பிரித்துக்கொள்ளலாம். பயணத் திகதி மாறினால் காசு திரும்புமா, எந்த நாள்வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

திகதிகளை உடனே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவுக்குப் போகிற வேலை இருக்கிறது. கீழ்த்தள அறைகளை நேரில் பார்த்து, குளியலறை வாசற்படி எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்